துயிலாதவன் செய்த பிழை

போர்ப்பாசறையிலே துயில்கொள்ள மாட்டாத வேந்தன் ஒருவனை முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டுகின்றார். புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் எண்ணி அவன் விழித்திருக்கின்றான். அவனைச் சூழ, காற்றில் ஆடும் கொடிபோல் அசைந்தசைந்து காவல் நிற்போரும் உளர்; அவ்வசைவைத் தூக்கக் கலக்கமென்றே கொள்ளத் தோன்றுகின்றது. வேந்தனை விழிக்கச் செய்தது எண்ணம். காவலரை விழிக்கச் செய்தது ஆணை. ஆணையால் விழித்திருந்தவன் அக்கலக்கத்திற் பிழை செய்வானாயின், அப்பிழை யாருடையது?

பதினேழு மணி நேரம் விழித்திருந்தவனின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உடையவனது அளவுக்குக் குன்றும் என 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் காட்டினர். குடித்தவன் தானே குடித்தான். ஆகவே பிழை அவனதே என்கின்றோம். சிறப்புப் படையினனுக்கோ பல இரவுகள் விழித்திருத்தல் பயிற்சியாகவே புகட்டப்படுகின்றது. ஊற்றிக் கொடுத்தவர் வேறொருவர்.

இத்தகையோர் சோர்வறியார் என்பாரும் உளர். ரவீன் ஹன்வெல்ல, வருணி டி சில்வா ஆகியோர் இலங்கைக் கடற்படையின் சிறப்புப் படையினர் 259 பேரையும் ஏனைய கடற்படையினர் 412 பேரையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், உயிராபத்தை மிகுதியாகக் கண்ட சிறப்புப் படையினரின் உளநலமே மேம்பட்டிருந்தது. இதனை இரும்பு மனத்துக்குச் சான்றாக்குதல் எளிது. தோழமைப் பிணைப்பே அவர்களைத் தாங்கியது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. தோழமையோ பாசறையோடு நின்றுவிடும். படையை விட்டு ஊர் திரும்பியவன் தனியனாகவே பாயிற் கிடக்கின்றான்.

இவ்வளவில், குற்றத்தின் பெரும்பகுதியை ஆணையிட்டவர்மீது சுமத்திவிட்டதாக எண்ணியிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வாழும் என் அம்மம்மா, நாய் குரைத்தால் இன்றும் எழுந்து குந்திவிடுவார். தொண்ணூறுகளின் சுற்றிவளைப்புகள் விட்டுச்சென்ற பழக்கம் அது. 2009இல் போர் முடிந்தும் அது முடியவில்லை. அன்று வந்த சிப்பாயும் பல நாள் உறங்காதவனாக இருந்திருக்கலாமே என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

“அவன்ட கண்ணும் சிவந்துதான் கிடந்திச்சு மனே. எண்டாலும் கதவ உதைச்சது அவன்ட கால்தானே.”

நூலகத்தில் எனக்குக் கிட்டாத வேறுபாடு இது. கடனைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும், பிழை அவ்வாறன்று. ஆணையிட்டவனின் குற்றம் எவ்வளவு பெரிதாயினும், உதைத்தவனின் குற்றம் அதனாற் சிறிதாவதில்லை. அவனுடைய உறக்கமின்மைக்கு மருத்துவம் வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அது நோயாளி என்பதால் அவனுக்கு உரியது, குற்றமற்றவன் என்பதாலன்று. அம்மம்மாவும் நோயாளியே. அச்சிவந்த கண்களை அவர் கண்டார். அவனை அனுப்பியவர்கள் கண்டனரா?