எந்தத் தெரு? – வாடகை வீடும் பொய்யின் அறமும்

நகரத்தில் வீடு தேடுகிற ஒரு தலித் தன் சாதியை மறைக்கலாமா? மறைத்தால் அது பொய்யா? பொய்யென்றால் அதன் குற்றம் யாரைச் சேரும்? நம்மில் பலர் தனியாக முடிவெடுத்து, தனியாகவே சுமந்துகொண்டிருக்கிற கேள்வி இது. கூட்டங்களில் இதை எழுப்பினால் இரண்டே பதில்கள்தான் வருகின்றன. 'மறைக்கிறவன் கோழை' என்பது ஒன்று. 'வீடு கெடச்சாச் சரி, அவன்கிட்டப் போயி என்ன அரிச்சந்திரன் வேசம்' என்பது இன்னொன்று. இரண்டுமே கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகின்றன.

முதலில், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்க்கலாம். 'நீ என்ன சாதி' என்று நேராகக் கேட்கிற வீட்டுக்காரர் நகரத்தில் குறைவு. சைவமா, அசைவமா, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலசாமி எது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் விசாரணை நடக்கும். சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ஆனால் விசாரணை முடியும்போது சாதி தெரிந்திருக்கும்.

எங்கள் விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊர். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்று ஆலையையெல்லாம் ஆபீஸ் என்றே சொல்லிப் பழகிய மண். என் அம்மா சின்ன வயசிலிருந்தே தீப்பெட்டி ஆபீசில் தரையில் உட்கார்ந்து கட்டையில் குச்சி அடுக்கியவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சென்னையில் அவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் லிப்ட் இருக்கிற கட்டடம் வேண்டும். அப்படித் தேடிப் போன ஓரிடத்தில் புரோக்கர் கேட்டார்: "எந்த ஊர் சார்?" "சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தம்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அண்ணாச்சி ஆளுங்களா! ஓனருக்கு ரொம்ப நம்பிக்கை சார் உங்க ஆளுங்க மேல."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், வீடு கிடைத்திருக்கும். "இல்லைங்க, நான் எஸ்.சி." என்றேன். "அதனாலென்ன சார், சாயங்காலம் போன் பண்றேன்" என்றார். போன் வரவில்லை. வாடகைக்கு என்ற போர்டு அதே கேட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தொங்கியது. இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எனக்கு அப்போது தங்க இடம் இருந்தது. கைக்குழந்தையோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டு நிற்கிற தோழரிடம் இதே தைரியத்தைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

அம்பேத்கரை எடுத்துக்கொள்வோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிகள் மட்டும்தான் தங்கலாம் என்பதால் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நிற்கிறது. மாலைக்குள் காலி செய்யச் சொல்லி மிரட்டிவிட்டுப் போகிறது. இரண்டு நண்பர்களிடம் போகிறார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறித்தவ நண்பர் மனைவியைக் காரணம் காட்டி நழுவுகிறார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் பெயர் மாற்றியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, பொய்ப்பெயர் எழுதியவர் குற்றவாளி என்றா சொல்வோம்?

உண்மையை எந்த நிலையிலும் மீறக்கூடாது என்பவர்கள் உண்டு. கொலைகாரன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். நம் வள்ளுவரோ யாருக்கும் தீங்கில்லாத சொல்தான் வாய்மை என்கிறார், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் அந்த இடத்தைக் கொடுக்கிறார். நான் வள்ளுவர் பக்கம். ஆனால் அதோடு நிறுத்த முடியாது. பதில் உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்னால், கேட்கிறவருக்குக் கேட்க உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்துக்கொள்வார்களா என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதற்கு உண்மை சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். என் பிறப்பைக் கேட்க அவருக்கு உரிமையில்லை. உரிமையில்லாத கேள்விக்குச் சரியான பதிலைக் கடனாகத் தர வேண்டியதும் இல்லை. ஆகவே மறைக்கிறவர் மீது அறக்குற்றம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

'எங்க வீடு, எங்க இஷ்டம்' என்பார்கள். சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டுக்கு அது பொருந்தலாம். போர்டு மாட்டி, புரோக்கர் வைத்து, அட்வான்ஸ் பேசுகிற வீடு சந்தைக்கு வந்துவிட்ட சரக்கு. அதற்கு வருகிற தண்ணீர் ஊர்த் தண்ணீர். அதன் லிப்ட் அரசாங்க லைசென்சில் ஓடுகிறது.

சட்டம் இதில் இரண்டு நாக்கோடு பேசுகிறது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005-இல் அகமதாபாத் பார்சி சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், தன் 4-ஆம் பிரிவில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டை வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்கிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. 'அட்வான்ஸ் வாங்கியாச்சு' என்ற ஒரு வரியில் இந்தச் சட்டத்தை வீட்டுக்காரர்கள் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரியைப் பிடிக்க வழி இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் தில்லி வட்டாரத்தில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டை வேறு வேறு பெயர்களில் போன் போட்டு விசாரித்தார்கள். மேல்சாதிப் பெயருக்கு மறுப்பு ஏறக்குறைய இல்லை. தலித் பெயருக்கு 18 சதவீதம், முஸ்லிம் பெயருக்கு 31 சதவீதம் நேரடி மறுப்பு. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வந்த வீட்டுவசதிச் சட்டத்தை மீறுகிறவர்களைப் பிடிக்கவும் இதே போல ஆள் அனுப்பிச் சோதிக்கிறார்கள்.

குற்றமில்லை என்றேன், சுமையில்லை என்று சொல்லவில்லை. இந்தப் பொய் ஒரு தடவை சொல்லி முடிகிற காரியமில்லை. மறைத்து வீடு எடுத்தால் அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஊரிலிருந்து வருகிற சித்தப்பாவுக்கு, என்ன பேச வேண்டும், என்ன பேசக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டிலேயே பாடம் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட லிப்ட். நான்கு பேர் உடம்பு ஒட்டி நிற்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள், ஊரில் காக்கிற தூரத்தைக் காக்க முடியாது. அதனால்தான் வேலைக்காரர்கள் வேறு லிப்டில் போகவும் என்று பல நகரங்களில் எழுதி ஒட்டுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் பக்கத்து வீட்டம்மா, "பாட்டி, ஊர்ல எந்தத் தெரு?" என்று அன்பாகவே கேட்பார். எழுபது வயசுக்காரி பொய் சொல்லப் பழக வேண்டும். வாடகைக்கு மேல் நாம் கட்டுகிற வாடகை இது. ரசீது கிடையாது.

வெடிமருந்து ஷெட்டுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று சட்டமிருக்கிறது. தீப்பிடித்தால் பரவக்கூடாது என்பது நியாயம். அந்த ஷெட்டுக்குள் மருந்து கலக்க நாம் வேண்டும். வீட்டுக்கு வீடு வைக்கிற இடைவெளிக்கு என்ன நியாயம்? சிவகாசிக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். கோயில் கதவு அடைக்கப்பட்டதில் மூண்ட பகையில் 1899-இல் சூறையாடப்பட்ட ஊர் அது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரன்கள் இன்று பல வாசல்களுக்குச் சொந்தக்காரர்கள். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்த நினைவு அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சொன்னால் வீடு இல்லை, சொல்லாவிட்டால் நிம்மதி இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் நமக்கு விதியா? திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் 1998-இல் திறந்த முதல் சமத்துவபுரத்தின் நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதன் குறைகளைத் தனியே பேசலாம். அங்கே ஒருவர் தன் சாதியை மறைக்காமலே சாவி வாங்க முடிந்தது என்பது முக்கியம். அரசால் செய்ய முடிந்ததை வாடகைச் சந்தையிலும் சட்டம் செய்ய வைக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, மறைத்து வாழ்கிறவரைக் கோழை என்று இனி எந்தக் கூட்டத்திலும் சொல்ல வேண்டாம். அதே சமயம் மறைப்பதையே தீர்வாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டாம். வீடு மறுக்கப்பட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். மறுநாள் வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சாவி நீட்டப்பட்டால், இருவருமாகச் சேர்ந்து 1955 சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். மாவட்டத்துக்குப் பத்துப் புகார் வந்தாலே 'எந்தத் தெரு' என்று கேட்கிறவர் கொஞ்சம் யோசிப்பார்.