இடுப்பின் அளவா? இருதயத்தின் அளவா?



வயிற்றைச் சுற்றியிருக்கிற கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, இடுப்புக்கு ஒரு வடிவம் கொடுக்கிற ஆப்பரேஷனுக்கு லைப்போசக்ஷன் என்று பேர். முன்வயிறு, இரண்டு பக்கத்து இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் சுற்றிவளைத்து ஒரே தடவையில் செய்வதை '360' என்று விளம்பரம் பண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் இது சினிமாக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. இன்றைக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண், பிள்ளை பெற்ற தாய், நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை என்று சகலரும் விசாரிக்கிறார்கள். சபைக்கு வருகிறவர்களும் விசாரிக்கிறார்கள். "பாஸ்டர், இது பாவமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கிறவர்களும் உண்டு.

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் யோசிக்க வேலையில்லை, சொன்னவருக்கும் வேலையில்லை. ஆகவே கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

1. இது என்ன செய்யும்? என்ன செய்யாது?

முதலாவது, விஷயத்தைத் தெரிந்துகொள்ளுவோம். தெரியாமல் கண்டிப்பதும் தவறு, தெரியாமல் போய்ப் படுப்பதும் தவறு.

1920-களிலேயே பிரான்ஸ் தேசத்தில் டுஜாரியே என்ற டாக்டர் ஒரு நடனக்காரியின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்கப் பார்த்தார். கால் அழுகிப்போய், அதை வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. அழகுக்காகப் போனவள் காலை இழந்தாள். பிறகு 1970-களில் இத்தாலியில் பிஷர் என்ற தகப்பனும் மகனும், பிரான்ஸில் இல்லூஸ் என்பவரும் குழாய் வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஜெப்ரி கிளைன் என்ற தோல் டாக்டர், மரத்துப்போகிற மருந்தையும் இரத்தக்கசிவைக் குறைக்கிற மருந்தையும் உப்புத் தண்ணீரில் கலந்து, கொழுப்பு இருக்கிற இடத்தில் நிறைய ஏற்றி, அதற்குப் பிறகு உறிஞ்சும் வழியைக் கண்டுபிடித்தார். அதனால் இரத்தச் சேதம் வெகுவாய்க் குறைந்தது. இன்றைக்கு நடக்கிறது பெரும்பாலும் இதன் வழிதான்.

சரி, தொப்பை என்பது ஒரே கொழுப்பா? இல்லை, இரண்டு விதம். தோலுக்கு அடியில் கையால் பிடித்தால் பிடிபடுகிற கொழுப்பு ஒன்று. குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே ஒளிந்திருக்கிற கொழுப்பு இன்னொன்று. சர்க்கரை வியாதிக்கும் இருதய வியாதிக்கும் அதிகமாய் வழிதிறக்கிறது அந்த உள்ளே இருக்கிறதுதான். நம் தெற்காசிய ஜனங்களுக்கு உடம்பு மெலிவாயிருந்தாலும் உள்கொழுப்பு சேருகிற சுபாவம் உண்டு. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் ஆனாலே எச்சரிக்கை என்று நம்மவர்களுக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள். இப்போது கவனியுங்கள்: குழாய் போகிறது தோலுக்கு அடியில் மட்டும். உள்ளே இருக்கிறதை அது தொடவே தொடாது!

2004-ம் வருஷம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர்கள், உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றிலிருந்து சராசரி 9, 10 கிலோ கொழுப்பை இப்படி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தால், இரத்த அழுத்தம் குறையவில்லை, கொலஸ்ட்ரால் குறையவில்லை, சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தியும் கூடவில்லை. சாப்பாட்டைக் குறைத்து நடந்து அதில் பாதி எடை குறைத்திருந்தாலும் பலன் தெரிந்திருக்கும். 2011-ல் கொலராடோவில் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், எடுத்த கொழுப்பு ஒரு வருஷத்தில் திரும்பி வந்திருந்தது. எடுத்த தொடையில் அல்ல, மேல்வயிறு போன்ற வேறு இடங்களில்!

இன்னும் ஒன்று. பிரசவத்துக்குப் பின் வயிறு தளர்ந்து தொங்குவதற்குக் கொழுப்பு மட்டும் காரணமல்ல. நடுவயிற்றுத் தசைகள் விலகிப்போவதும், தோல் விரிந்துபோவதும் காரணம். கொழுப்பை உறிஞ்சுவதால் விலகின தசை சேராது. தோல் இன்னும் சுருங்கித் தொங்கவும் கூடும். இதைச் சொல்லாமல் பணத்தை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, இது எடை குறைக்கிற வழியுமல்ல, வியாதி தீர்க்கிற வழியுமல்ல. உருவத்தைத் திருத்துகிற வேலை, அவ்வளவுதான். "ஆரோக்கியத்துக்காகப் பண்ணிக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

2. தேவன் கொடுத்த சரீரத்தைத் தொடலாமா?

சிலர் உடனே, "ஆண்டவர் கொடுத்த சரீரம், அதில் கத்தி வைக்கலாமா?" என்பார்கள். கேட்க பக்தியாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் நிற்காது. கண்புரைக்கு ஆப்பரேஷன் பண்ணுகிறோம். தூக்கலான பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்குத் தையல் போட்டு முகத்தைச் சீராக்குகிறோம், அதற்காக ஸ்தோத்திரமும் பண்ணுகிறோம். நரைத்த முடிக்கு மை பூசிக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிற ஊழியக்காரரும் உண்டு!

இதே குழாயைக் கொண்டு சுவீடன் தேசத்தில் மால்மோ என்ற ஊரில் புரோர்சன் என்ற டாக்டர் வேறொரு காரியம் செய்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த பெண்களில் சிலருக்குக் கை யானைக்கால் போல வீங்கிவிடும். நாளடைவில் அந்த வீக்கம் கொழுப்பாகவே மாறிவிடும். அதை உறிஞ்சி எடுத்து, அவர்கள் மறுபடியும் அந்தக் கையால் வேலை செய்யும்படி செய்தார். ஆகவே கருவியில் பாவமில்லை. அப்படியானால் எதில் இருக்கிறது கேள்வி?

3. யாருக்காக இந்த ஆபத்து?

எந்த ஆப்பரேஷனிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2000-ம் வருஷம் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறக்குறைய 5 லட்சம் லைப்போசக்ஷன்களில் 95 பேர் மரித்திருந்தார்கள். அதாவது சுமார் 5,000 பேருக்கு ஒருவர். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பதே முதல் காரணம். குழாய் குடலைக் குத்திவிடுவதும் உண்டு, மருந்து அளவு மீறுவதும் உண்டு. இப்போது முறைகள் தேறியிருக்கின்றன. தகுதியுள்ள கையில், குறைந்த அளவில் செய்தால் ஆபத்து இன்னும் குறைவு என்பதையும் மறைக்கக்கூடாது.

ஆனாலும் 2005 அக்டோபரில் நைஜீரிய ஜனாதிபதியின் மனைவி ஸ்டெல்லா ஒபசான்ஜோ ஸ்பெயின் தேசத்துக்குப் போய் இந்த ஆப்பரேஷன் செய்துகொண்டு, அங்கேயே மரித்துப்போனார். அறுபதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. குழாய் தவறி வயிற்றுக்குள் போய்விட்டது. கவனக்குறைவுக்காக 2009-ல் அந்த டாக்டருக்குத் தண்டனையும் கிடைத்தது. பணமில்லையா? செல்வாக்கு இல்லையா? எல்லாம் இருந்தது.

"பஸ்ஸில் போனாலும்தானே ஆபத்து, பாஸ்டர்?" என்பீர்கள். நியாயமான கேள்வி! அதற்கு இப்படிப் பதில் சொல்லுகிறேன். உயிரோடு இருக்கும்போதே தன் கிட்னியைக் கொடுக்கிறவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் 80,000-க்கும் அதிகமான கிட்னி தானக்காரர்களைப் பற்றி 2010-ல் வெளியான கணக்கில், 10,000 பேருக்கு சுமார் 3 பேர் ஆப்பரேஷனால் மரித்திருந்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். ஆபத்து ஏறக்குறைய ஒன்றுதான்! ஆனால் அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கிற தங்கையைப் பார்த்து, "ஏம்மா உயிரைப் பணயம் வைக்கிறே?" என்று யாராவது கடிந்துகொள்ளுகிறோமா? அதை அன்பு என்கிறோம். ஏன்? ஆபத்து சரியா தவறா என்று தீர்மானிப்பது அதன் அளவு மாத்திரமல்ல. எதற்காக, யாருக்காக என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே போகிறவர் தன்னைத்தானே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "நான் யாருக்காக இந்த மேஜையில் படுக்கிறேன்?" பிள்ளைகளுக்காகவா? இல்லை. வியாதிக்காகவா? இல்லையென்று பார்த்தோம். அப்படியானால் யாருடைய கண்ணுக்காக?

4. தீர்ப்பு எழுதினது யார்?

இங்கேதான் காரியம் நம் பக்கம் திரும்புகிறது, பிரியமானவர்களே!

ஒரு சகோதரி என்னிடம் சொன்னாள்: "பாஸ்டர் ஐயா, எனக்கு மூணு பிள்ளைங்க, மூணும் சிசேரியன். மாசம் ஆகி மூணு வருஷம் கழிச்சும் 'என்னம்மா, விசேஷமா?'ன்னு கேக்குறாங்க. அதுவும் சர்ச் வாசல்லயே கேக்குறாங்க. வீட்டுக்கு வந்தா அவரும் அதையே சொல்லிச் சிரிக்கிறாரு. நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவளைப் பார்த்து, "இது மாம்ச இச்சை, பெருமை" என்று சொல்ல எனக்கு வாய் வருமா? பெருமை இருக்கிறவள் இப்படி அழமாட்டாள். அவள் உலகத்துக்குத் தன் அழகைக் காட்டப் போகவில்லை. நாம் எறிந்த வார்த்தைகளிலிருந்து ஒளிந்துகொள்ளப் போகிறாள். மூன்று ஜீவன்களைச் சுமந்த வயிறு அது. அதைப் பார்த்துச் சிரித்த புருஷனுக்கும், வாசலில் நின்று கேட்ட அக்காமாருக்கும் ஒரு கணக்கும் இல்லையா? அவளை ஆப்பரேஷன் மேஜைக்குத் தள்ளின கைகளில் பாதி நம்முடைய கைகள்!

சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டில் மூத்த மகனுடைய உயரத்தைப் பார்த்து, இவன்தான் ராஜா என்று நினைத்துவிட்டார். தீர்க்கதரிசிக்கே அந்தத் தடுமாற்றம் வந்ததென்றால், பெண் பார்க்கப் போகிற வீட்டில் இடுப்பை அளக்கிற நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! போட்டோவைப் பார்த்து, "பொண்ணு கொஞ்சம் குண்டு" என்று திருப்பி அனுப்பிவிட்டு, மறுவாரம் எளிமையைக் குறித்து சாட்சி சொல்லுகிறோமே, இது எந்த நியாயம்?

அதேசமயம் அந்தச் சகோதரிக்கும் ஒன்று சொன்னேன்: "அம்மா, குழாய் உன் கொழுப்பை உறிஞ்சும், அவர்கள் வார்த்தையை உறிஞ்சாது. இன்றைக்கு வயிறு, நாளைக்கு நிறம், அடுத்து வயசு. தீர்ப்பு எழுதுகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் மாற்றப் பார்த்தால் முடியாது. முதலாவது அவர்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பு." அவள் புருஷனையும் கூப்பிட்டுப் பேசினேன். அது தனி வேலை, அதை இங்கே எழுதவில்லை.

5. அப்படியும் ஒருவர் தீர்மானித்தால்?

யோசித்து, வீட்டாரோடு பேசி, மனச்சாட்சியில் தெளிவாகி ஒருவர் போனால், அவரைச் சபைக்கு வெளியே நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. ஆனால் சில காரியங்களைக் கவனிக்கட்டும்:

* செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று நேரில் கேளுங்கள். அழகு நிலையத்து போர்டை நம்பாதீர்கள்.

* மயக்க டாக்டரும், அவசரத்துக்கு ஐ.சி.யூ. வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

* இருதயம், சர்க்கரை, இரத்தம் எல்லாவற்றையும் முன்னதாகச் சோதியுங்கள். உங்கள் மாத்திரைகளை மறைக்காதீர்கள். 2007-ல் டோண்டா வெஸ்ட் என்ற கல்லூரிப் பேராசிரியை இப்படிப்பட்ட ஆப்பரேஷனுக்கு மறுநாள் மரித்துப்போனார், அவருக்கு இருதய வியாதி இருந்தது. அதன்பின் 2009-ல் கலிபோர்னியாவில், அழகு ஆப்பரேஷனுக்கு முன் உடல்பரிசோதனை கட்டாயம் என்று அவர் பேரால் சட்டமே வந்தது.

* ஒரே நாளில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கிறேன் என்றால் ஆஸ்பத்திரியில் இராத்தங்காமல் சம்மதிக்காதீர்கள்.

* கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, பிள்ளையின் பீஸை நிறுத்தி இதைச் செய்யாதீர்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. சரீரத்தை ஆலயத்துக்கு ஒப்பிட்டு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதினார். ஆலயத்தைப் பராமரிக்கவேண்டும், சந்தேகமில்லை. தினமும் அரைமணி நேரம் நடங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், இராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி வேண்டாம். குழாய் எட்டாத அந்த உள்கொழுப்பு இதற்குத்தான் கரையும். ஆனால் ஆலயத்தை வெளியே நின்று அளக்கிறவன் வேறே, உள்ளே வந்து தொழுகிறவன் வேறே. வருகிற ஞாயிறு சபை வாசலில் ஒரு சகோதரியைப் பார்க்கும்போது அவளுடைய வயிற்றைப் பற்றிப் பேசாதிருங்கள். "நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவேளை அந்த ஒரு கேள்வியே ஒரு ஆப்பரேஷனைத் தவிர்க்கும்.

கர்த்தர் தாமே நம்முடைய கண்களையும் நாவையும் காத்துக்கொள்ளுவாராக. ஆமென்.