காலி நாள்

நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுனுக்குப் பக்கத்தில், கவராவ் ஆற்றின் குறுக்கே 1880-இல் கட்டிய ஒரு தொங்குபாலம் இருக்கிறது. தங்கம் தேடிப் போனவர்கள் காலத்துப் பாலம். 1988 நவம்பரிலிருந்து அது கடப்பதற்கான பாலம் மட்டும் அல்ல, குதிப்பதற்கான பாலமும்கூட. 43 மீட்டர். குதிக்கப் போகிறவரை முதலில் எடை பார்த்து, அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் புறங்கையில் எழுதிவிடுகிறார்கள். எடைக்குத் தகுந்த ரப்பர் கயிறு. கணுக்காலில் முதலில் ஒரு துண்டைச் சுற்றி, அதன் மேல் கட்டு. கட்டிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்காமலே, "தண்ணியைத் தொடணுமா, வேண்டாமா?" என்றான், காபிக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்பதுபோல. வேண்டாம் என்றேன்.

குதித்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அது சீக்கிரம் முடிந்துவிடுகிற காரியம். அதற்கு முன், கால் விரல்கள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க நின்றேனே, அப்போது உடம்பு பட்ட பாடுதான் இன்னும் யோசிக்க வைக்கிறது. இத்தனை வருஷமாக உலகமே வந்து குதிக்கிற இடம், ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன? முழங்கால் கேட்கவில்லை. அதே முழங்கால், முந்தின நாள் கிரவுன் ரேஞ்ச் மலைப்பாதையில், சாலையோரம் பனி கிடக்க வாடகைக் காரை நான் ஓட்டி வந்தபோது ஆக்சிலேட்டரை நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தது. வாயில் இளையராஜா பாட்டு. இரண்டில் எதில் நான் செத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், யோசிக்காமல் காரைத்தான் சொல்வேன்.

பயம் உயரத்தைப் பார்க்கிறது. ஆபத்து வேறு எங்கோ இருக்கிறது. எங்கே என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: பெரும்பாலும் பயணத் திட்டத்தில்.

இந்தக் குதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே அது தெரியும். பசிபிக் கடலில், இன்று வனுவாட்டு நாட்டைச் சேர்ந்த பெந்தெகொஸ்த் தீவில், ஆண்கள் 20, 30 மீட்டர் உயரத்துக்கு மரக்கோபுரம் கட்டி, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்கள். நங்கோல் என்று பெயர். கீழே மண்ணைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருப்பார்கள். நன்றாகக் குதித்தால் வள்ளிக்கிழங்கு நன்றாக விளையும் என்பது நம்பிக்கை. அவர்களைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சிலர் 1979 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் நகரத்துக் கிளிஃப்டன் பாலத்திலிருந்து ரப்பர் கயிற்றில் குதித்தார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் கவராவ்.

நங்கோலுக்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை. மழைக்காலம் முடியும் அந்த நாட்களில்தான் கொடியில் சாறு ஏறி, இழுத்தால் கொடுக்கும். 1974-இல் அந்தத் தீவுகளை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்தன. ராணி எலிசபெத் வருகிறார், அவருக்குக் குதித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடானது. அவர் வந்தது பிப்ரவரியில். கொடி இன்னும் பதப்படவில்லை. குதித்தவர்களில் ஒருவருடைய கொடி அறுந்தது. அவர் பிழைக்கவில்லை.  தவறியிருந்தது தேதிதான்.

அதே நியூசிலாந்தின் வடக்குத் தீவுக்குக் கிழக்கே ஒயிட் ஐலண்ட் என்கிற ஃபகாரி எரிமலைத் தீவு. 2019 வரை சுற்றுலா வந்தவர்கள் படகில் போய் இறங்கி, தலையில் ஹெல்மெட்டும் கையில் வாயு முகமூடியுமாக, புகைகிற பள்ளத்துக்குள் நடந்து திரும்புவார்கள். குதிப்பு இல்லை, ஏற்றமும் பெரிதாக இல்லை. வயதானவர்களும் போகக்கூடிய நடையாக இருந்தது. 2019 நவம்பர் 18 அன்று அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை 1-லிருந்து 2-க்கு உயர்த்தியிருந்தார்கள். பயணங்கள் நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று மதியம் இரண்டு மணி தாண்டி எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர். அவர்களில் 22 பேர் இறந்துபோனார்கள். பலர் சொகுசுக் கப்பலில் வந்தவர்கள், கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒரு பகலுக்குள் போய்த் திரும்பலாம் என்று டிக்கெட் வாங்கியவர்கள். புறப்படும்போது அவர்களில் யாருக்காவது என் முழங்கால் நடுங்கியதில் பாதி நடுங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரருக்குக் குரங்கணி ஞாபகம் வராமல் போகாது. 2018 மார்ச். வார இறுதி டிரெக்கிங், காய்ந்து கிடந்த புல், மலையேறிய காட்டுத் தீ. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கேயும் கயிறு கட்டும் சாகசம் எதுவும் இல்லை. சனி, ஞாயிறு இருந்தது.

குவீன்ஸ்டவுனில் ஒரு ஸ்கைடைவிங் கவுன்ட்டரில் காத்திருந்தபோது பார்த்தது இது. பலகையில் அன்றைய பயணங்கள் எல்லாவற்றுக்கும் எதிரே, காற்று காரணமாக நிறுத்தம் என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் மும்பையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா பொறுமையாக ஆரம்பித்து, போகப் போகக் குரலை உயர்த்தினார். "நாளைக்குக் காலையில் எங்களுக்கு ஃபிளைட். இன்னிக்கு விட்டா எப்போ?" கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். அவருக்குப் பணம் வேண்டாம், இன்றைய வானம்தான் வேண்டும். வெளியே நல்ல வெயில் வேறு. "காத்து எங்கே அடிக்குது, காட்டு" என்றார். அவள் மேலே, மலைமுகட்டில் சீறிக்கொண்டிருந்த பனித்தூளைக் காட்டினாள். அவர் பார்க்கவே இல்லை, மகனைத்தான் பார்த்தார். பையன் வாக்குறுதி வாங்கி வந்திருப்பான் போலிருக்கிறது.

அந்த நாட்டில் 1974 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. விபத்தில் அடிபட்டால், யார் தவறு என்று கேட்காமல் அரசு அமைப்பே சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், சுற்றுலா வந்தவருக்கும் சேர்த்து. பதிலுக்கு, அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவது பெரும்பாலும் முடியாது. சாகச வியாபாரம் அங்கே இவ்வளவு செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஆகவே அந்தப் பெண் நஷ்டஈட்டு வழக்குக்குப் பயந்து மறுத்ததாகச் சொல்ல முடியாது. நான் அங்கே பார்த்த துணிச்சல்களில் அவளுடையதைத்தான் முதலில் வைப்பேன். ஒரு குடும்பத்தின் ஒரே நாளைக் கெடுத்துவிட்டு, முகம் மாறாமல் அடுத்த ஆளைப் பார்த்தாள். அடுத்த ஆள் நான். எனக்கும் இல்லை என்றாள்.

எனக்கு மறுநாளும் அந்த ஊரில் இருந்தது. அதனால் பெரிய மனுஷன்போல் தலையாட்டிவிட்டு வர முடிந்தது. அவருக்கு அது இல்லை. குணத்தில் எங்களுக்குள் வித்தியாசம் ஒன்றும் இல்லை, காலண்டரில்தான். என் பயணங்களில் கடைசியில் ஒன்றும் போடாத ஒரு நாளை வைக்கிற பழக்கம் உண்டு. மனைவி அதற்கு வைத்த பெயர் வெட்டி நாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் ஓர் இரவு அறை வாடகையில் இங்கே ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். பல வருஷம் சீட்டுக் கட்டி, பத்து நாள் லீவுக்கு மேலதிகாரியிடம் பல்லைக் காட்டி வருகிறவர், அதில் ஒரு நாளைச் சும்மா விடு என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார். எச்சரிக்கை என்று நாம் புத்திமதி சொல்வதில் பாதி, கையில் நாளும் காசும் மிச்சம் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. அதற்காக மலையும் காற்றும் சலுகை தருவதில்லை என்பதுதான் கஷ்டம்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பையன், எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகப்போவதாகச் சொல்லி பிளானைக் காட்டினான். லுக்லாவில் விமானம் இறங்கும் இடமே 2,800 மீட்டருக்கு மேல். முகாம் 5,364 மீட்டர். அங்கே மூச்சில் வருகிற ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. அவன் பிளானில் தங்கும் நாள் ஒன்றுகூட இல்லை. பலரும் தங்கி உடம்பைப் பழக்குகிற நாம்சே பஜாரில்கூட ஓர் இரவுதான். லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானம் நாள்கணக்கில் வராது, அதற்கும் இடம் விடவில்லை.

"எத்தனை நாள் லீவு தம்பி?"

"ஒன்பது சார். ஞாயித்துக்கிழமை ராத்திரி சென்னை, திங்கள் ஆபீஸ்."

"அப்போ நாம்சேயோட திரும்பிடு. ஊருக்கு மேல கொஞ்சம் ஏறினா எவரெஸ்ட் தெரியும்."

முகம் விழுந்துவிட்டது. "அடிவார முகாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார்."

அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்டின் உச்சி கண்ணுக்கே தெரியாது, முன்னால் நிற்கிற மலை மறைத்துவிடும் என்றேன். அவன் நம்பவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.