முதல் செலவு எது?

டிசம்பர் கடைசி வாரத்தில் ஆண்டின் சிறந்த படம், சிறந்த வீரர் என்று பத்திரிகைகள் பட்டியல் போடும். சமூகம் எதற்கு முதலிடம் தந்தது என்பதையோ வரவுசெலவுக் கணக்கில்தான் தேட வேண்டும்.

1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. செலவு கட்டாது என்று காலனி அரசு கைவிரிக்க, சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1950-களில் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 'பணத்துக்கு எங்கே போவது?' என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என நாளுக்கொன்று.

இத்திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனாலும் காலையில் பசிக்கத்தான் செய்யும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தத் தட்டு நீள வேண்டும் என்பது புத்தாண்டுக்குச் சொல்லக்கூடிய நியாயமான ஆசை. அடுத்த பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.