சலுகையா? உரிமையா?

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ தோட்டத்து லயத்தில் வாழ்பவராயின் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். தாயொருத்தி வைத்தியரின் முன் நிற்கிறாள். அவளுடைய நோயைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, பள்ளிக்கூடம் போகாமல் வந்த பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் நிற்கிறான். மகனிடம் சொல்லக் கூசும் நோயை அவள் மறைத்துவிடுகிறாள். "தலையிடி" என்கிறாள், மருந்தும் தலையிடிக்கே கிடைக்கிறது.

வைத்தியர் கெட்டவரல்லர். எத்தனையோ உத்தியோகத்தர் சைகை காட்டியாவது நமக்கு உதவுகிறார்கள். அது அவர்களின் தயவு. அந்தத் தயவு இல்லாத நாளில் அந்தத் தாய்க்கு என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றாக்கப்பட்ட நிலை, 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் மாறித் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988இன் 16ஆம் திருத்தம் இன்னும் விளக்கமாகப் பேசுகிறது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் ஒருவர் அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். தமக்கு வழங்கப்படும் பத்திரத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்டுப் பெறலாம்.

"நாங்கள்தான் சிங்களம் நன்றாகப் பேசுகிறோமே!" என்பர் நம்மில் சிலர். பேசுங்கள், அயலவரின் மொழியைக் கற்பது அன்பின் செயல். ஆனால் பேசத் தெரிந்தவரெல்லாம் வாசிக்கத் தெரிந்தவரல்லர். பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே கையொப்பமிடுகிறோம். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழையாகப் பதிவாகிறது. வயதான காலத்தில் சேமலாப நிதி கேட்கப் போகும்போதுதான் சிலருக்கு அது தெரியவருகிறது.

அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை. அவர்களுடைய மக்கள் முறுமுறுத்தார்கள். பங்கிட்டவர்கள் தீயவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. என்றாலும் அப்போஸ்தலர்கள் அந்த முறைப்பாட்டைக் கலகம் என்று அடக்கவில்லை. "எங்கள் மொழியைப் படித்துக்கொண்டு வாருங்கள்" என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! (நம் கோயில் அறிவித்தல்கள் எந்த மொழியில் தொங்குகின்றன என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.)

அடுத்த முறை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எழுத இயலாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் வாசலில் இளைஞர் இருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.