நொண்டிக் கன்றுக்கு என்ன நீதி?

திருவாரூர் பக்கம் போயிருக்கிறீர்களா? தியாகராஜர் கோயிலை ஒட்டி ஒரு கல்தேர் நிற்கும். மனுநீதிச் சோழன் கதை. ஸ்கூலிலேயே படித்திருப்பீர்கள். இளவரசன் தேர் ஓட்டிப் போகிறான். கன்றுக்குட்டி சக்கரத்தில் மாட்டிச் சாகிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. ராஜா தன் மகனையே தேர்க்காலில் இடுகிறார். கடைசியில் சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். சுபம்.

இத்தனை வருஷமாக வராத ஒரு சந்தேகம் எனக்குப் போன மாசம் வந்தது.

அந்தக் கன்று சாகாமல், கால் மட்டும் போயிருந்தால்?

உயிருக்கு உயிர் என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. காலுக்குக் கால் என்று இளவரசன் காலை எடுத்திருந்தால் கன்று நடந்திருக்குமா? செத்த கன்றுக்கு நீதி ஒரே நாளில் முடிந்துவிட்டது. நொண்டிக் கன்றுக்கு? தினமும் தீவனம் போட வேண்டும், பிடித்து எழுப்ப வேண்டும். அதை யார் செய்வது, எத்தனை நாளைக்கு?

சந்தேகம் வந்த இடம், ஒரத்தநாடு பக்கத்தில் என் பெரியப்பா மகன் வீட்டு மாட்டுக் கொட்டகை.

ஜெர்சிக் கலப்புப் பசு. மூன்றாவது ஈத்து. கன்று போட்ட மறுநாள் சாயங்காலம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. 'பால் சுரம்' என்றார் கால்நடை டாக்டர். பெயர்தான் சுரம், உடம்பு கொதிக்காது, காதெல்லாம் சில்லிட்டுப் போகும். கன்று போட்டதும் ரத்தத்தில் இருக்கிற கால்சியம் திடீரென்று பாலுக்குப் போய்விட, தசையில் தெம்பில்லாமல் மாடு சாய்ந்துவிடுகிறது. நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.

இது எழவில்லை. டாக்டர் வருவதற்குள் ராத்திரி முழுக்க சிமென்ட் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்துவிட்டது. 400 கிலோ உடம்பு. அடியில் மாட்டிக்கொண்ட காலின் தசையையும் நரம்பையும் அதன் எடையே நசுக்கிவிடும். அப்புறம் கால்சியம் சரியானாலும் கால் சொன்னபடி கேட்காது.

"மருந்து கொடுக்கறது என் வேலை, கொடுத்துட்டேன். இனிமே உங்க கையிலதான் இருக்கு" என்றார் டாக்டர். என்ன செய்ய வேண்டும்? சிமென்ட் தரையிலிருந்து நகர்த்தி, மணலும் வைக்கோலும் கனமாகப் பரப்பிப் படுக்க வைக்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியிலும். காலைத் தேய்த்துவிட்டு, மடக்கி நீட்ட வேண்டும். தண்ணீர் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். எழப் பார்க்கும்போது நாலு பேர் தாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கயிறு கட்டிப் பாதி நாள் தொங்கவிடக்கூடாது.

சொல்வதற்கு ஒரு நிமிஷம். செய்வதற்கு?

அண்ணி செய்தார். கூட அண்ணியின் தம்பி மகள். நாலரை வருஷம் பி.பி.டி. படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறாள். லீவுக்கு வந்தவள், டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். குளம்பைப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள். தொடையில் எந்த இடத்தில் கை வைத்தால் மாடு சிலிர்க்கிறது, எந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை என்று பார்த்தாள்.

"ஸ்ட்ரோக் வந்த தாத்தாவுக்கும் இதேதான் மாமா செய்வேன். என்ன, அவரு 'வலிக்குதும்மா'ன்னு சொல்லுவாரு. இது சொல்லாது. கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஓர் ஆசை வேறு அவளுக்கு. அவள் அப்பா, என் மச்சான், என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். மாட்டுக்குக் கால் பிடிச்சு விடுறதுக்கா நாலரை வருஷம் காசு கட்டிப் படிக்க வச்சேன்?"

நான் என்ன சொல்ல? பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. தெரிந்ததைச் சொன்னேன்.

அப்படி ஒரு தொழில் இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. இங்கிலாந்தில் சார்லஸ் ஸ்ட்ராங் என்ற பிசியோதெரபிஸ்ட், மனிதர்களுக்குச் செய்ததையே குதிரைகளுக்கும் செய்து பார்த்தவர். நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் போலோ குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். 1980-களில் அங்கே விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்டுகள் தனிச் சங்கமே வைத்துவிட்டார்கள். அப்புறம் நாய்கள். முதுகெலும்பு டிஸ்க் பிசகிப் பின்னங்கால் விழுந்த நாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நடக்க வைக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நாயின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். நம் பெரிய நகரங்களிலும் செல்ல நாய்களுக்கு இந்த வசதி வந்தாயிற்று. மதுராவில் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 2018-ல் யானைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்தது. பிச்சையெடுத்தும் சர்க்கஸில் நின்றும் மூட்டு தேய்ந்த யானைகளுக்கு அங்கே லேசர் சிகிச்சைகூட உண்டு.

சட்டமும் சொன்னேன். 1984-ஆம் வருட இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. பி.பி.டி.க்காரர் தானாக போர்டு மாட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. டாக்டரின் மேற்பார்வையில் செய்வதுதான் முறை. இல்லையென்றால் கால்நடை மருத்துவமே படிக்க வேண்டும். ஐந்தரை வருஷம். ஒரத்தநாட்டிலேயே 2012-லிருந்து காலேஜ் இருக்கிறது.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரேஸ் குதிரைக்குக் குடுப்பான், பங்களா நாய்க்குக் குடுப்பான். நம்ம ஊரு மாட்டுக்கு எவன் மச்சான் ஃபீஸ் குடுப்பான்?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பாருங்கள். இந்தத் தொழில் முதலில் போய்ச் சேர்ந்தது பணம் கட்டிய குதிரையிடம். அடுத்து, பாசம் வைத்த நாயிடம். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பந்தயத்திலும் ஓடாது, சோபாவிலும் படுக்காது. உழும், வண்டி இழுக்கும், பால் கொடுக்கும். நாம் சாப்பிட்ட சோற்றில் அதன் உழைப்பு இருக்கும். கால் போனால் அதற்கு நம்மிடம் ஒரே ஒரு சிகிச்சைதான். வியாபாரிக்கு போன்.

நான் பி.காம். எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 36-வது பிரிவில் ஒரு சலுகை இருந்தது. தொழிலுக்கு வைத்திருந்த விலங்கு செத்துப்போனாலோ, அந்தத் தொழிலுக்கு நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, வாங்கின விலையிலிருந்து அதையோ அதன் உடலையோ விற்று வந்த காசைக் கழித்துக்கொண்டு மீதியை நஷ்டமாகக் காட்டலாம். செத்ததும் பயன்படாததும் ஒரே வரியில். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படிப்புக்கே ஒரு மாடு காசு கொடுத்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு ஜோடி உம்பளாச்சேரி எருதுகள் இருந்தன. டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முழங்கால் சேற்றிலும் அசராமல் உழுகிற ஜாதி. கொம்பைத் தீய்த்துவிடுவதால் 'மொட்டை மாடு' என்பார்கள். அதில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பேரே சுட்டி. 1995-ல் மழை பொய்த்து, காவிரித் தண்ணீருக்காக சுப்ரீம் கோர்ட் வரை போன வருஷம். நான் பி.காம். முதல் வருஷம், ஹாஸ்டலில். பாரம் ஏற்றின வண்டியோடு வாய்க்கால் கரையில் சறுக்கி விழுந்தது சுட்டி. முன்னங்கால் மூட்டு வீங்கிவிட்டது. அப்பா புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டார். ஒருத்தர் வந்து சூடு போட்டார். பன்னிரண்டு நாள் பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் அடிமாட்டு வியாபாரி வந்தார். 1,500 ரூபாய்.

1,350 ரூபாய் என் ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்குப் போனது. மீதி 150-ல் எனக்கு ஒரு பேன்ட் துணி.

அப்பா கெட்டவரா? இல்லை. ரெண்டு ஏக்கர்க்காரர். சம்பா காய்ந்து கிடக்கும்போது, உழாத மாட்டுக்கு வைக்கோல் எங்கிருந்து போடுவார்? வியாபாரி ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பின்னால் சொன்னார். சாப்பிடாமல் இருந்ததால் சுட்டிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அதற்கு மேல் அவருக்கு என்ன செய்யத் தெரியும்?

இங்கேதான் எனக்குச் சிக்கல். இல்லாதவனிடம் போய் 'மாட்டைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்று, அதுதான் தர்மம்' என்று உபதேசம் செய்வது ரொம்பச் சுலபம். நகரத்தில் உட்கார்ந்து பாக்கெட் பால் குடிக்கிற எனக்கு அந்த உரிமை கிடையாது. உங்களுக்கும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், உடம்புக்கு முடியாத மாட்டை வேலை வாங்காதே என்கிறது, பட்டினி கிடக்கும்படி அநாதையாக விட்டுவிடாதே என்கிறது. சரிதான். தீவனக் காசு பற்றிச் சட்டம் பேசாது.

ஆனால் சாகும்வரை வைத்திருப்பதற்கும் இன்றைக்கே விற்பதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. முயற்சி செய்து பார்க்கிற இடம். அசையாத காலில் தசை நாளுக்கு நாள் கரையும், அதனால் முதல் சில நாட்களில் செய்கிற வேலைதான் பெரிய வேலை என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் சூடு போட்டதும் வைத்தியம் என்று நினைத்துத்தான். தெரியாதவரை அது விதி. தெரிந்த பிறகு?

தெரிந்த பிறகு அது கடமை ஆகிவிடுகிறது. புதுசாக ஒரு தொழில் வந்தால் புதுசாகச் சம்பளம் வருகிறது என்றுதான் நாம் பார்க்கிறோம். கூடவே புதுசாக ஒரு கடமையும் வருகிறது. 'ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிரிக்கிற சௌகரியத்தை அது நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முடியாது என்று தெரிந்த பிறகும் நம் மனத்திருப்திக்காக ஒரு பிராணியை இழுத்துப் பிடிப்பதும் கொடுமைதான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

"அது தீனி எடுக்குது, தானா எழப் பார்க்குதுன்னா நாமளும் பார்க்கலாம் மாமா. அதுவே விட்டுடுச்சுன்னா, டாக்டரைக் கூப்பிட்டு வலியில்லாம அனுப்பிடணும். நம்ம பிடிவாதத்துக்கு அதைப் படுத்தக்கூடாது."

இருபத்து மூணு வயசு. எனக்கு இந்தத் தெளிவு நாற்பதிலும் வரவில்லை.

மச்சானின் கேள்விக்கு வருகிறேன். யார் ஃபீஸ் கொடுப்பார்கள்? தனி ஆளாக ஒரு விவசாயி கொடுக்க முடியாது, உண்மை. ஆனால் 1962-க்கு போன் அடித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி ஊருக்குள் வருகிற காலம் இது. வண்டியில் மருந்து வருகிறது. மருந்துக்கு அப்புறம் மாட்டை எழுப்பி நடக்கவைக்கத் தெரிந்த ஒரு கையும் வந்தால் என்ன? குறைந்தபட்சம் எப்படிப் புரட்டுவது, எதைத் தேய்ப்பது என்று அண்ணிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்? ரேஷன் அரிசியிலிருந்து பொன்னி வரைக்கும் சாப்பிடுகிற நாம்தான் அந்த ஃபீஸைக் கொடுக்க வேண்டியவர்கள் என்று தோன்றுகிறது. எனக்காவது 1,500 ரூபாய் பாக்கி இருக்கிறது. வட்டி போடவில்லை, போட்டால் தாங்காது.

பசு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

ஆறாம் நாள் விடியற்காலை நாலு மணி. பக்கம் மாற்றிவிட்டு அண்ணி அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். கொட்டகையில் கழுத்து மணிச் சத்தம். எழுந்து ஓடினால், மாடு நடுங்கிக்கொண்டே நாலு காலில் நிற்கிறது.

பின்னங்கால் இன்னும் சாய்த்துத்தான் வைக்கிறது. பாலும் முன்னைப் போல இல்லை. போன வாரம் ஒரு வியாபாரி வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையாம். அண்ணி முகத்தைப் பார்த்தாராம்.

"இந்த ஈத்து போகட்டும், பார்க்கலாம்" என்றாராம் அண்ணி.