பிரிவுத் துயரும் நமது கடமையும்



பிரியமானவற்றைப் பிரிதல் துக்கம் என்று பகவான் புத்தர் தமது முதற் போதனையிலேயே அருளினார். தாயை இழந்த மகன் அழுதால் உலகம் இரங்குகின்றது. தான் நேசித்த இசைக்குழு இனி மேடையேறாது என்று கேட்டு ஓர் இளைஞன் அழுதால் அதே உலகம் நகைக்கின்றது. இந்நகைப்பு தகாது. எதன்பொருட்டு எழுந்தாலும் துக்கம் துக்கமே. அதன் காரணத்தை ஆராய்வதே நமது கடமையாகும்.

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு, 1966 ஆகஸ்டு 29-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில், சுமார் 25,000 பேர் முன்னிலையில் 11 பாடல்களைப் பாடிற்று. அதுவே அவர்களுடைய இறுதிச் சுற்றுப்பயணத்தின் இறுதிக் கச்சேரி. கூடியிருந்தோர்க்கு அது சொல்லப்படவில்லை. வழக்கம்போல் வீடு திரும்பினர்.

அவர்கள் பயணத்தை நிறுத்தியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ரசிகர்களின் கூச்சல். அக்காலத்து ஒலிபெருக்கிகள் அதனை வெல்ல இயலவில்லை. பாடியவர்களுக்கே தம் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை. ஆலையில் தறிகளின் நடுவே நின்ற நாம், அருகில் இருப்பவன் வாயசைவு தெரிந்தும் சொல் கேளாத நிலையை நன்கறிவோம். அங்கே இரைந்தது இயந்திரம். இங்கே இரைந்ததோ நேசம். பாட்டைக் கேட்க வந்தவர்களே பாட்டை மறைத்தனர். பற்றின் இயல்பு இதுவன்றோ?

மேடையை விட்ட அக்குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உழைத்து, 1967-இல் 'சார்ஜெண்ட் பெப்பர்' என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டை வெளியிட்டனர். ஒரு கோலம் அழிந்தது, வேறொன்று தோன்றிற்று. 1970-இல் அக்குழுவும் பிரிந்தது. அதுவே அநித்தியம்.

இனி மற்றொன்று கேளுங்கள். கனடா நாட்டில் 'டிராஜிக்கலி ஹிப்' என்றொரு குழு இருந்தது. அதன் பாடகர் கார்ட் டவுனிக்குத் தீராத மூளைப் புற்றுநோய் என்று 2016 மே மாதத்தில் அறிவித்தார்கள். ஆயினும் அக்குழு அவ்வாண்டு கோடையில் ஊர் ஊராகச் சென்று பாடி, ஆகஸ்டு 20-ஆம் நாள் தம் சொந்த ஊராகிய கிங்ஸ்டனில் பயணத்தை முடித்தது. அந்நாட்டுப் பொது ஒலிபரப்புக் கழகம் அதனை விளம்பரமின்றி ஒளிபரப்பியது. 1 கோடியே 17 லட்சம் மக்கள் கண்டும் கேட்டும் இருந்தனர். கடைசி என்று அறிந்தே அழுதனர்; அழுதுகொண்டே உடன் பாடினர். டவுனி 2017 அக்டோபர் 17-ஆம் நாள் மறைந்தார்.

அன்பர்களே! முன்னவர் அறியாமற் பிரிந்தனர். பின்னவர் அறிந்து பிரிந்தனர். கண்ணீர் இருவர்க்கும் உண்டு. ஆனால் அறிந்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் முழுச் செவியோடு கேட்டனர். நமது இல்லத்திலும் தாயின் குரலும் துணையின் குரலும் நாடோறும் ஒலிக்கின்றன. எந்நாள் கடைசி என்று எவரும் முன்னே அறிவிக்கப் போவதில்லை. ஆதலின் இன்றே அமைதியாய்க் கேளுங்கள். களைத்தவரை நோக்கி, இன்னும் ஒருமுறை என்று வற்புறுத்தாதீர்கள். பெற்றதற்கு நன்றி கூறி விடை கொடுங்கள். அழுவதைத் தம்மம் தடுக்கவில்லை. பிடித்த பிடியைத் தளர்த்தவே கற்பிக்கின்றது.

சகல ஜீவராசிகளும் சுகம் பெறக்கடவன! சாது! சாது! சாது!